தரை அவங்களுக்கு, மேல்கட்டு நமக்கு

5-6-1978, திங்கள். குற்றாலம்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வந்த ரிஜிஸ்டர் தபாலைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து, கவரின் நாலு மூலையிலும் நானே மஞ்சள் தடவி முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். கெட்டியான கவர், மெட்ராஸ் முத்திரை, அனுப்பியவர் ராமசேஷன். எங்கள் வீடும் காப்பிக்கடையும் நிற்கிற மனை அவருடையது. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருப்பதும் தெரியும். வேறு என்ன நினைப்பேன்? உள்ளே இங்கிலீஷ்தான் இருக்கும், யாராவது வந்தால் படிக்கச் சொல்லலாம் என்று பிரிக்கவும் இல்லை. சனிக்கிழமை தென்காசிக்குப் போய் எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கி, 'பலவேசம் – முப்பிடாதியம்மாள் அன்பளிப்பு' என்று பேரும் வெட்டிக்கொண்டு வந்தாயிற்று.

இன்று பீடி யூனியன் துல்கர்னைன் காப்பி குடிக்க வந்தான். பத்திரிகையைப் படியும் தம்பி, முகூர்த்தம் என்றைக்கு என்று கேட்டேன். பிரித்துப் படித்தவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"மதினி, முகூர்த்தம் ஜூலை முப்பத்தொண்ணு."

"ஆடியிலயா? ஐயமாரு வீட்டுல ஆடியில கல்யாணமா?"

"கல்யாணம் இல்ல மதினி. நோட்டீசு. மனைக் கெடு முடியுதாம். 'சூப்பர் ஸ்ட்ரக்சரை' எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருக்கு."

அந்த வார்த்தையை மூன்று தடவை சொல்லச் சொல்லி இந்த உரக்கடை டைரியில் எழுதிக்கொண்டேன். சூப்பர் ஸ்ட்ரக்சர். சூப்பர் என்றால் நல்லது என்றுதானே அர்த்தம்? அப்படி என்ன நல்லதை எடுக்கச் சொல்கிறார்கள்?

6-6-78

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் சுக்கு தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்தவில்லை. தூளாகிற வரை தட்டினார், தூளான பிறகும் தட்டினார்.

"எங்கப்பா செத்த வீடு இது. நானும் இங்கனதான்" என்றார். அதோடு சரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வாய் திறந்தது சோற்றுக்கு மட்டும்தான்.

8-6-78, வியாழன்

தென்காசி போனேன். இவர் வர மாட்டேன் என்றுவிட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து மாமனார் காலத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டேன். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள்.

வக்கீல் கோர்ட்டில் இருந்தார். குமாஸ்தா ஆவுடைநாயகம் அண்ணாச்சிதான் பத்திரத்தை விரித்துப் படித்தார். ராமசேஷனின் அப்பா சுப்புராமனும் என் மாமனாரும் 1938 ஆகஸ்டில் எழுதிக்கொண்டது. நாற்பது வருஷக் கெடு. வாடகை ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அது எங்கள் பக்கம் சுத்தம். ஆனால் கெடு கெடுதான்.

அண்ணாச்சி வாசித்ததை அப்படியே எழுதி வாங்கினேன்: 'மேற்படி மனையில் போடும் மேல்கட்டு மேற்படி வாடகைதாரருக்கே பாத்தியம். கெடு முடிவில் மேல்கட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டு காலி மனையை ஒப்படைக்க வேண்டியது. கெடு தாண்டி மனைமேல் நிற்பது மனைக்காரரைச் சேரும்.'

"இந்த மேல்கட்டைத்தான் நோட்டீசுல இங்கிலீஷ்ல போட்டிருக்கான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. சன்னல் வழியாகக் கையை நீட்டினார். "அந்தா மொட்டைக் கோபுரம் தெரியுதா? மேல இருந்ததெல்லாம் எப்பவோ போச்சு. கீழ கல்லு மட்டும் நிக்குதுல்லா? அந்தக் கல்லுக்கு மேல எது இருந்துச்சோ அதுதான் சூப்பர் ஸ்ட்ரக்சர்."

"அப்ப இல்லாமப் போனாத்தான் அதுக்குப் பேரு தெரியுமா அண்ணாச்சி?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

கேஸ் போடலாமாம். பத்து வருஷம் இழுக்குமாம். கையெழுத்துப் போட்ட கெடு என்பதால் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாதாம். கேஸ் நடக்கிற வரைக்கும் வீட்டில் ஒரு பலகையை மாற்றவும் பயந்துதான் இருக்க வேண்டும். தோற்றால் மனையோடு வீடும் அவருக்கு.

12-6-78

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிப் பாதை முழுக்க ஈரத்தலை. காப்பி ஆற்றிக் கை ஓய்ந்தது. கடன் கழிப்பதுபோல் எல்லோரிடமும் சிரித்தேன்.

14-6-78, புதன்

துல்கர்னைன் போராட்டம் வைக்கலாம் என்கிறான். அவனுக்கு அந்த சூப்பர் ஸ்ட்ரக்சர் வார்த்தை ரொம்ப நாளாகத் தெரியுமாம், அவர்கள் கூட்டத்தில் தினம் பேசுகிற வார்த்தையாம்.

"மதினி, உலகத்துக்கே ஒரு அடித்தளம் இருக்கு. நெலம் யாரு கையில, மில்லு யாரு கையில — அது அடித்தளம். கோர்ட்டு, சட்டம், சாமி, சினிமா எல்லாம் அதுக்கு மேல எழும்புன மேல்கட்டுமானம். அடித்தளம் ஆடிச்சின்னா மேல உள்ளது தன்னால ஆடும்."

"எங்க வீட்டுக்கு எதுலே அடித்தளம்?"

"நீங்க தோசை சுடுத கல்லு."

"அப்ப ஒங்கண்ணாச்சி?"

"அவரு மேல்கட்டுமானம். நீங்க ஆட்டுனா ஆடுவாரு."

பக்கத்து பெஞ்சில் ரோட்டு ஓவர்சியர் இட்லி தின்றுகொண்டிருந்தார். அவரும் சேர்ந்துகொண்டார். பாலத்திலும் அது உண்டாம். தூண் வரைக்கும் ஒரு பேர், தூணுக்கு மேல் படுக்கிற பாளத்துக்குத்தான் சூப்பர் ஸ்ட்ரக்சர் என்று பேர். லாரி போவதும் மாடு போவதும் அதன் மேல்தான்.

குமாஸ்தா, யூனியன்காரன், ஓவர்சியர். ஆளுக்கு ஒரு வேலையில் அந்த வார்த்தை இருக்கிறது. ஒன்று கேட்டேன்: கீழே உள்ளது போய்விட்டால் மேலே உள்ளது என்ன ஆகும்? துல்கர்னைனும் ஓவர்சியரும் ஒரே குரலில் "விழும்" என்றார்கள். தென்காசிக் கோபுரத்தில் மட்டும் மேலே உள்ளதுதான் போயிருக்கிறது. கல் அப்படியே இருக்கிறது.

எனக்கு எது போகும்?

18-6-78, ஞாயிறு

ராமசேஷன் வந்தார். கார். கூடவே ஒரு காண்டிராக்டர், கையில் டேப்பு. பெஞ்சைத் துடைத்துப் போட்டேன்.

"வாங்க சாமி. பத்திரிகை கெடச்சுது. மாப்பிள்ளை பேரைத்தான் போடல."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்து சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ரெண்டு தோசை சாப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோம்மா. லாட்ஜ் கட்டப்போறேன். அப்பா இருந்த வரைக்கும் சரி, நேக்கு இந்த மனையை விட்டா வேற ஒண்ணும் இல்லே இங்கே. நீங்க எங்கேயும் போகாண்டாம். லாட்ஜ் கேண்டீனை நீங்களே பாத்துக்கோங்கோ."

"வீட்டை என்ன சாமி செய்ய?"

"அதைப் பிரிச்சு, தூக்கி — அந்தச் சிரமமெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அப்படியே விட்டுட்டுப் போங்கோ. நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் பார்த்தேன். காண்டிராக்டர் உள்ளே போய் மச்சுப் பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறான். தட்டிவிட்டுக் காது வைக்கிறான். பலாப்பழம் வாங்குகிறவன் தட்டுவதுபோல. வாசல் நிலையைத் தட்டினான், தூணைத் தட்டினான். "அயினி மரம் சார், எல்லாமே. இந்த அகலத்துல இப்ப எங்க போய்த் தேடுவீங்க?" என்று மெதுவாகச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் பலகை வீட்டில் மெதுவான பேச்சு கிடையாது.

சரிதான். எங்களால் பிரிக்க முடியாது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கெடு தாண்டி ஒரு நாள் நின்றால் போதும். லாட்ஜ் மாடிக்கு எங்கள் மச்சு.

இவர் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

19-6-78

இவர் பேசினார்! பதிமூன்று நாளைக்கு அப்புறம். கோபத்தில்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

"தட்டிப் பாக்கான் பாரு, தட்டி. எங்கப்பா என்ன சும்மாவா கொண்டாந்தாரு இதை?"

கொண்டாந்தாரா? கட்டினாரா கொண்டுவந்தாரா? தோண்டித் தோண்டிக் கேட்டேன். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தும் எனக்குத் தெரியாத கதை. இந்த வீடு இங்கே கட்டினதே இல்லையாம். ஆரியங்காவில் யாரோ ஒருவர் குடியிருந்த வீட்டை மாமனார் விலை பேசி, பலகை பலகையாகக் கழற்றி, ஏழு மாட்டுவண்டியில் கணவாய் வழியாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மலையாளக் கரையில் அது வழக்கம்தானாம். மனையை விட்டுவிட்டு வீட்டை மட்டும் விற்பார்களாம். இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடைசி வண்டியில் கதவின் மேல் உட்கார்ந்து வந்தாராம்.

"செங்கோட்டை தாண்டி சுங்கச் சவுக்கையில வண்டியை நிறுத்திட்டான். மரத்துக்குத் தீர்வை கட்டுன்னான். எங்கப்பா, 'மரம் இல்ல ஐயா, வீடு. குடியிருக்க வீட்டுக்கு எவனாவது தீர்வை கட்டுவானா'ன்னாரு. விட்டுட்டான்."

ரெண்டு பேரும் மச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

22-6-78, வியாழன்

புளியறை போனேன். அன்றைக்கு வீட்டைக் கழற்றி மாட்டின ஆசாரி செத்துப்போனார். அவர் மகன் பிச்சுமணி செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டுகிறான். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல தொப்பை. பேச்சு பாதி மலையாளம்.

"வீடோ? ஞான் லாரிதான் சேச்சி கட்டும். வீடு ஓடாதே" என்று சிரித்தான்.

"இது ஓடும்லே. ஒருக்கா ஓடியிருக்கு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

25-6-78

பிச்சுமணி வந்து மல்லாந்து படுத்துக்கூடப் பார்த்துவிட்டான். ஒரு ஆணி கிடையாதாம் வீட்டில். எல்லாம் மர ஆப்பு. ஆப்பைத் தட்டி எடுத்தால் சட்டம் தானாகக் கழன்று வருமாம். ரெண்டு நாள் வேலை. ஓடு இறக்க ஒரு நாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் சொன்னான்.

"பட்சே இப்ப ஒண்ணும் நடக்காது. மரம் வெள்ளம் குடிச்சு வீங்கி இருக்கு. ஆப்பை அடிச்சா ஆப்பு பொடியும், இல்லேங்கில் சட்டம் கீறிப்போகும். ரெண்டு நாளு நல்ல வெயில் கொள்ளணும். பின்ன விளிங்க."

ஜூலையில், குற்றாலத்தில், தொடர்ந்து ரெண்டு நாள் வெயில்!

ஊரே சாரலுக்காக வேண்டிக்கொள்கிறது. கடைக்காரன், லாட்ஜுக்காரன், எண்ணெய் தேய்க்கிறவன் எல்லோருக்கும் தண்ணீர் விழுந்தால்தான் சோறு. எனக்கும்தான். நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் பண்பொழித் திருமலை முருகனிடம் வெயில் கேட்டிருக்கிறேன். கொடுத்தால் ஆவணி முதல் தேதி படியேறி வருகிறேன் என்று நேர்ந்தாயிற்று. வெளியே தெரிந்தால் அடிக்க வருவார்கள்.

3-7-78

சாரல்.

5-7-78

சாரல். பெரிய அருவியில் குளிக்க விடவில்லை, அவ்வளவு தண்ணீர். ஊரில் திருவிழாச் சந்தோஷம்.

8-7-78

நிலையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாவு மாதிரி குளிர்ந்து கிடக்கிறது.

மகளைக் கட்டிக்கொடுத்த திருவேங்கடத்திலிருந்து அவள் கடிதம். அங்கே சொட்டு மழை இல்லை, கிணறு வற்றுகிறதாம். வெயிலை ஒரு பார்சல் அனுப்பு என்று பதில் எழுதினேன்.

11-7-78, செவ்வாய்

சண்டை. இன்றைக்கு நல்லா நடந்தது.

வீட்டைக் கழற்றினால் எங்கே கொண்டுபோய் மாட்டுவது என்று இவர் இதுவரை கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கும் தெரியும். பண்பொழியில் மலையடிவாரத்தில் எங்கப்பா எனக்குக் கொடுத்த இடம் கிடக்கிறது. கல்லு விளைகிற பூமி என்று இவர் இருபத்தைந்து வருஷமாகக் கேலி செய்கிற இடம். திருமலைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். காப்பிக்கடை ஓடும். இன்றைக்கு நானே வாயை விட்டுச் சொன்னேன்.

"ஐம்பத்திரெண்டு வயசுல என்னைய வீட்டோட மாப்பிள்ளை ஆக்கப் பாக்கியாட்டி?" என்றார்.

நான் வழக்கம்போல் கிண்டலாக, "மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணுமே, அதைத்தான் யோசிக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். சுக்கு உரல் பறந்தது. என் மேல் இல்லை, சுவர் மேல். பலகையில் ஒரு வடு.

"நான் இங்கனதான் இருப்பேன். அவன் வந்து கழுத்தைப் பிடிச்சுத் தள்ளட்டும்."

"தள்ளத்தான் செய்வான்! தள்ளிட்டு உங்கப்பா கொண்டாந்த வீட்டை அவன் வச்சுக்கிடுவான்! அங்கன கேண்டீன்ல நாம எச்சி எலை எடுப்போம், மேல நம்ம மச்சு இருக்கும், அண்ணாந்து பாத்துக்கிட்டு எடுப்போம்! சரியா? சம்மதமா?"

கத்திவிட்டேன். காப்பி குடிக்க வந்த மதுரைக்காரர்கள் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

என்னத்துக்கு இப்படி ஒரு பிடிவாதம் ஒரு மனுசனுக்கு? என் இடத்துல இருந்தா எறும்பு கடிக்குமா? இத்தனை வருசம் யாரு இடத்துல இருந்தாரு? ராமசேஷன் இடத்துல இருக்கலாம், எங்கிட்ட இருந்தா கௌரவம் போயிருமா? எழுத்து கோணிக்கிட்டுப் போகுது. வைக்கேன்.

12-7-78

சாரல். பேச்சு இல்லை.

16-7-78, ஞாயிறு

நாலு நாள் யோசித்தேன். காலையில் மாமனார் காலத்துப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எழுத்தில் இன்னொன்று எழுதினேன். இவருக்கு முன்னால் வைத்து, நானே வாசித்தேன்.

"பண்பொழி மனை முப்பிடாதியம்மாளுக்குப் பாத்தியம். அதுமேல நிக்கப்போற மேல்கட்டு பலவேசத்துக்கே பாத்தியம். மனைக்கு வாடகையா மேற்படி பலவேசம் வருசத்துக்கு ஒரு பலாப்பழம் குடுக்க வேண்டியது. மேற்படி முப்பிடாதியம்மாள் எந்தக் காலத்துலயும் நோட்டீசு விடக் கூடாது."

இவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதையும் கேலி என்று எடுத்துக்கொண்டால் அவ்வளவுதான், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

"கெடு எத்தன வருசம்?" என்றார்.

"தொண்ணூத்தொம்பது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க காலி பண்ணிரணும்."

சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு ஒரு முட்டுக்கட்டை:

"நாளைக்கு ஆடி பெறக்கு. ஆடியில எவனாவது வீடு மாறுவானா?"

"நாம எங்க வீடு மாறுதோம்? அதே வீடு, அதே அடுப்படி. இடந்தான மாறுது?"

பேனாவை மூடித் தந்துவிட்டு, "அது சரி" என்றார்.

20-7-78

சாரல். இன்னும் பதினோரு நாள்.

22-7-78

சாரல். முருகா, ரெண்டு நாள்தானே கேட்டேன்.

24-7-78, திங்கள்

காலையில் முதுகில் சுள் என்று ஏதோ பட்டது. வெயில்!

அருவியில் தண்ணீர் குறைகிறது என்று பக்கத்துக் கடையில் புலம்பல். நானும் கூட நின்று "அட பாவமே" என்றேன்.

26-7-78

மூன்றாம் நாளாக வெயில். நேற்றே பிச்சுமணி நாலு ஆளோடு வந்து ஓட்டை இறக்கிவிட்டான். இன்று முதல் ஆப்பு. மரச் சுத்தியலால் ஒரு தட்டு, ரெண்டு தட்டு. இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாவது தட்டில் ஆப்பு முழுசாக வெளியே வந்து விழுந்தது, கீறல் இல்லாமல். இவர் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

பலகைக்குப் பலகை அடையாளம் போட வேண்டும், தார் வாங்கி வையுங்கள் என்று பிச்சுமணி சொல்லியிருந்தான். அலைச்சலில் மறந்துவிட்டேன். வீட்டில் காவியும் கோலப்பொடியும் இருந்தன. கிழக்குச் சுவருக்குக் காவிப் பொட்டு, மேற்குக்கு ரெண்டு பொட்டு, உள்பக்கத்துக்கு வெள்ளைக் கோடு என்று எல்லாவற்றுக்கும் நானே போட்டேன். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

27-7-78, வியாழன்

ரெண்டு லாரியில் வீடு ஏறிவிட்டது. இவர் முன்னால் உட்காராமல் மேலே, கதவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இலஞ்சி தாண்டி ஒரு வனக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். மரத்துக்குப் பர்மிட் எங்கே? கூட வந்த துல்கர்னைன் சட்டம் பேசினான், பிச்சுமணி மலையாளம் பேசினான். ஒரு மணி நேரம். அந்த நேரம் பார்த்துச் சாரல் திரும்பிவிட்டது. கடைசியில் இவர் மேலே இருந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"மரம் இல்ல ஐயா, வீடு."

காவலர் ஏறிப் பார்த்தார். நிலையில் மஞ்சளும் குங்குமமும், அடுப்படிப் பலகையில் கரியும், சுக்கு உரல் பட்ட வடுவும். இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்.

பண்பொழியில் இறக்கும்போதுதான் பார்த்தோம். காவியும் கோலமும் கரைந்து எல்லாப் பலகையும் ஒரே சிவப்பு. இத்தனை வருஷம் சாரலில் குடியிருந்தவள் செய்கிற காரியமா இது? பிச்சுமணி தலையில் அடித்துக்கொண்டான். "சேச்சி, இது வீடா, விறகா?"

31-7-78, திங்கள்

இவரைப் பண்பொழியில் பலகைக்குக் காவல் வைத்துவிட்டுக் குற்றாலம் போனேன். தரையை நான்தான் கூட்டி வைத்தேன். மாமனார் போட்ட கல் அடிமானம் மட்டும் நின்றது, தென்காசிக் கோபுரம் மாதிரி.

ராமசேஷன் காண்டிராக்டரோடு வந்தார். காரை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றார். வேறு இடத்துக்கு வந்துவிட்டோமா என்று சுற்றிலும் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"காலி மனை சாமி. நோட்டீசுல உள்ளபடி."

"எடுத்துண்டு போகலாம்னு வழக்கமா எழுதறதுதான். நெஜமா யாரும் எடுத்துண்டு போனதில்லையேம்மா!"

காண்டிராக்டர் டேப்பை மடக்கினான். அளக்க ஒன்றும் இல்லை. ராமசேஷன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்பா இருந்திருந்தா ரொம்ப ரசிச்சிருப்பா" என்றார். தூக்குச்சட்டியைக் கொடுத்தேன். பேர் வெட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தார். பெண்ணுக்கு நிஜமாகவே தை மாதம் கல்யாணமாம், பத்திரிகை அனுப்புகிறாராம்.

"ரிஜிஸ்டர் தபால்ல மட்டும் வேண்டாம் சாமி" என்றேன்.

4-8-78, வெள்ளி. பண்பொழி

சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது மாதிரி பலகைகள் கிடக்கின்றன. எது எங்கே? பிச்சுமணி ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். அப்புறம் இவர் இறங்கினார். ஒவ்வொரு பலகையாக எடுக்கிறார், தடவுகிறார், "இது அப்பா கட்டிலுக்குத் தலைமாட்டுல உள்ளது", "இதுல மக பல்லாங்குழி கிறுக்கியிருக்கா", "இது நான் உரலை எறிஞ்சது" என்கிறார். பிச்சுமணி மாட்டுகிறான். ஒன்று மாறி ஒன்று, சரியாகப் போய் உட்காருகிறது. மனையைப் பற்றிக் கேலி இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. கல்லுத் தரை என்பதால் அடிமானத்துக்குத் தோண்டவே வேண்டியிருக்கவில்லை என்று பிச்சுமணியிடம் பெருமையாக வேறு சொல்கிறார்.

கீழே உள்ளது போனால் மேலே உள்ளது விழும் என்றார்களே. துல்கர்னைன் வரட்டும், கேட்கிறேன்.

11-8-78

ஓடு போட்டாயிற்று. நிலையும் கதவும் மட்டும் பாக்கி. இவர் உச்சிப் பொழுதில் அசந்து தூங்கிவிட்டார், பிச்சுமணி தானே பார்த்து மாட்டிவிட்டுப் புளியறைக்கு பஸ் ஏறிவிட்டான்.

17-8-78, வியாழன். ஆவணி முதல் தேதி

முருகனுக்கு நேர்ந்த நாள். ரெண்டு பேரும் படியேறிவிட்டு வந்து கடை திறப்பதாக இருந்தது. விடிந்ததும் நான் அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். நான் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, இவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார்.

நிலை திருப்பி மாட்டியிருக்கிறது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். இத்தனை நாள் காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டே படுத்ததில் ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

பின்வாசலுக்கு நேரே பாறை. கதவு ஒரு சாண் திறக்கிறது. அது வழியாக ஒரு ஆடு பார்த்துவிட்டுப் போனது.

திருமலைக்குப் போகிறவர்கள் மூன்று பேர் வந்து காப்பி கேட்டார்கள். சன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். கடைக்காரி உள்ளே அடைபட்டுக் கிடக்கிறாள் என்று முதல் நாளே ஊர் பேச வேண்டாம் என்று, கதவைத் திறந்துவிடும்படி யாரிடமும் சொல்லவில்லை. இப்படிக் கொடுப்பதுதான் இந்தக் கடை வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

படி அறுநூற்றுச் சொச்சம். இவர் என்னை மேலே தேடிவிட்டு இறங்க மதியம் ஆகும். கதவை ரெண்டு தடவை தள்ளிப் பார்த்தேன். ஆடவே இல்லை. பிச்சுமணி வேலை சுத்தம்.